அம்மா கப்பலில், நான் கரையில்

இத்தாலியின் லிவோர்னோ துறைமுக வாசலில் டாக்சியிலிருந்து இறங்கியபோது மாலை மணி 7.02. அடுக்கி வைத்த கண்டெய்னர்களுக்கும் கிரேன்களுக்கும் மேலே எங்கள் சுற்றுலாக் கப்பலின் வெள்ளை மேல்தளமும் புகைபோக்கியும் தெரிந்தன. இன்னும் நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. கிரேன் நின்ற இடத்திலேயே நிற்க, புகைபோக்கி அதைத் தாண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலில் என் அம்மா இருந்தார். 68 வயது. ஆங்கிலம் பேச வராது. அவருடைய இரவு மாத்திரைகள் என் தோள்பையில் இருந்தன.

இது நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்தப் புகைபோக்கி கண்ணுக்குள் நிற்கிறது. கிளம்புவதற்கு முன் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் எந்தக் கேபின் நல்லது, எந்த ஊரில் எதைப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான். கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும், அதற்கு முன்கூட்டியே கையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கடல் என்றால் அவ்வளவு ஆசை. அவருக்காகவே 7 இரவு மத்தியதரைக் கடல் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிறன்று பார்சிலோனாவில் ஏற வேண்டும். திங்கள் மார்செய், செவ்வாய் லிவோர்னோ, புதன் சிவிடவெக்கியா, வியாழன் நேப்பிள்ஸ், ஒரு நாள் முழுக்கக் கடல், பிறகு பால்மா, மறுபடி பார்சிலோனா. விளம்பரத்தில் இந்த ஊர்ப்பெயர்கள் இப்படி இருக்காது. 'பிளாரன்ஸ், பைசா', 'ரோம்' என்று பெரிய எழுத்திலும், பக்கத்தில் சின்னதாக லிவோர்னோ, சிவிடவெக்கியா என்றும் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். ஆனால் கப்பல் போய் நிற்பது சின்ன எழுத்தில் இருக்கும் ஊரில். லிவோர்னோவிலிருந்து பிளாரன்ஸுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சிவிடவெக்கியாவிலிருந்து ரோமுக்கு ரயிலிலேயே ஒரு மணி நேரம் ஆகும். மார்செய்யில்கூடக் கப்பல் முனையத்துக்கும் எல்லோரும் பார்க்கப் போகும் பழைய துறைமுகத்துக்கும் நடுவே நல்ல தூரம். நேப்பிள்ஸ் மட்டும் இதற்கு நேர்மாறு. கப்பலைவிட்டு இறங்கி நடந்தால் எதிரே காஸ்டெல் நுவோவோ கோட்டை நிற்கும். பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கப்பல் எங்கே கட்டப்படுகிறது, நீங்கள் பார்க்க விரும்பும் இடம் எங்கே இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். 10 மணி நேர நிறுத்தம் என்றால் கையில் நிற்பது சில ஊர்களில் 9 மணி நேரம், சில ஊர்களில் 4 மணி நேரம்தான்.

ஏறிய அன்றைக்கே பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாக் கப்பலிலும் இப்படி இல்லையாம், எங்கள் கப்பலில் அப்படி. கையில் கப்பல் அட்டை ஒன்று மட்டும். கதவைத் திறக்க, செலவைக் கணக்கில் ஏற்ற, இறங்கி ஏற, எல்லாவற்றுக்கும் அதுதான். அவசரக் கால ஒத்திகைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஆபத்து என்றால் நாங்கள் போய் நிற்க வேண்டிய கூடுமிடம் வரை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். முதல் இரவு காற்று பலமாக வீசியது. பிரான்சுக்குத் தெற்கே உள்ள லயன் வளைகுடாவில் மிஸ்ட்ரல் என்ற வடக்குக் காற்று வீசினால் எவ்வளவு பெரிய கப்பலும் ஆடும். அம்மாவுக்குக் குமட்டல். குமட்டலுக்கான மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். நான் வாந்தி வந்த பிறகு கொடுத்தேன், பெரிதாகப் பயன் இல்லை. கேபினைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்தால் ஆட்டம் குறைவாக இருக்கும். நான் மலிவாகக் கிடைத்தது என்று முன்பக்கம் எடுத்திருந்தேன்.

மறுநாள் மார்செய்யில் குன்றின் மேலுள்ள நோத்ரதாம் தேவாலயத்துக்குப் படியேறியதில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார், "நான் பால்கனியிலேயே உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ போயிட்டு வா. எனக்காக நீ ஏன் உள்ளேயே கெடக்கணும்?" நானும் சரி என்றேன். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு மாத்திரைப் பையை வழக்கம்போல் என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். கடலில் போகும்போது கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க்கில் போன் ஒட்டிக்கொண்டால் கட்டணம் எகிறிவிடும் என்று படித்திருந்ததால், அம்மாவின் போனை முதல் நாளே ஏரோப்ளேன் மோடில் போட்டு, "இதை எக்காரணம் கொண்டும் மாத்தாதீங்கம்மா" என்று சொல்லியிருந்தேன். அவர் சொன்ன சொல் தவறாதவர்.

பிளாரன்ஸுக்குக் கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா 89 யூரோ. நான் சொந்தமாக ரயிலில் போனேன், போக வர ஏறக்குறைய 20 யூரோவில் முடிந்துவிடும். ஏறக்குறைய 70 யூரோ மிச்சம் என்று கணக்குப் போட்டேன். காலையில் வழி சுலபமாகவே இருந்தது. லிவோர்னோ சரக்குத் துறைமுகம், உள்ளே நடந்துபோக விடமாட்டார்கள். கப்பலடியிலிருந்து ஷட்டில் பஸ்ஸில் ஊர் நடுவுக்கு, அங்கிருந்து நகரப் பேருந்தில் ரயில் நிலையத்துக்கு, அப்புறம் பைசா, எம்போலி வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ரயில். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் காத்திருப்பு. கப்பலை விட்டு இறங்கி இரண்டேகால் மணி நேரம் கழித்துத்தான் பிளாரன்ஸ் நிலையத்தைவிட்டு வெளியே வந்தேன். அங்கே நின்று அதே நேரத்தைத் திரும்பும் வழிக்கும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ரயில் நேரத்தை மட்டும்தான் கணக்கில் எடுத்தேன்.

ஊரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காடெமியா கலைக்கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் முன்னால் நின்றேன். 5 மீட்டருக்கும் மேல் உயரம். 1504இல் முடித்த சிற்பம், அந்த வலது கையின் நரம்பு இன்னும் புடைத்துக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமைகளில் அந்தக் கூடத்துக்கு விடுமுறை. உங்கள் கப்பல் திங்களன்று லிவோர்னோவுக்குப் போனால் சிற்றூர் ஒன்றைப் பார்ப்பதே மேல். சிற்பத்தைப் பார்த்துவிட்டு 1436இல் புருனெலெஸ்கி கட்டி முடித்த பேராலயக் குவிமாடம், போன்டே வெக்கியோ பாலம் என்று சுற்றினேன். அம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்று ஒவ்வொரு இடத்திலும் நினைத்துக்கொண்டேன். பாலத்தில் அம்மாவுக்கு ஒரு சின்ன வெள்ளிக் கம்மல் வாங்கினேன். அதைத் தேர்ந்தெடுக்க 20 நிமிடம் ஆனது.

எல்லோரும் கப்பலேறிவிட வேண்டிய நேரம் 6.30. கப்பல் கிளம்பும் நேரம் 7.00. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 6.30 என்றால் 6.30க்கு ஏணிப்பாலத்தில் உங்கள் அட்டை பதிவாகியிருக்க வேண்டும். நான் மாலை 4 மணி ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம். நிலையத்துக்குப் போனால் பலகையில் அந்த ரயிலுக்கு நேரே 'கான்செல்லாத்தோ' என்று ஓடியது. ரத்து. அடுத்த ரயில் நாலரை மணி வாக்கில். அப்போதே வெளியே ஓடி டாக்சி பிடித்திருந்தால், எவ்வளவு கேட்டிருந்தாலும், கப்பலைப் பிடித்திருக்கலாம். அரை மணி நேரம்தானே என்று காத்திருந்தேன். அந்த ரயிலும் எம்போலி தாண்டி வெட்டவெளியில் நின்றது. 10 நிமிடம், 20 நிமிடம், 45 நிமிடம். பெட்டியில் என்னைத் தவிர யாரும் பதறவில்லை. அவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் ரயில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, கையெல்லாம் வேர்த்துச் சில்லிட்டுவிட்டது. லிவோர்னோவில் இறங்கும்போது 6.44. நிலைய வாசலில் டாக்சிக்கு வரிசை. ஒரு பெண்மணி என் கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். அப்படியும் 7.02.

கப்பல் ஏன் காத்திருக்கவில்லை என்று அன்று கோபப்பட்டேன். பிறகு புரிந்துகொண்டேன். துறைமுகத்தில் அந்த இடத்துக்கும் வழிகாட்டி மாலுமிக்கும் நேரம் குறித்திருக்கும், அடுத்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பேருந்துகள் காத்திருக்கும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் பொறுப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. எனக்கு இப்போது ஒரு விதி உண்டு. துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய ஊர் என்றால் கப்பல் சுற்றுலாவுக்கே பணம் கட்டுவேன். நேப்பிள்ஸ் மாதிரி நடந்தே போகும் ஊரில் என் இஷ்டம். அப்படியும் தனியாகத்தான் போவேன் என்றால், திரும்பும் வழியை முதலில் எழுதுங்கள், பின்னாலிருந்து முன்னால். 6.30க்குக் கப்பல், அதற்கு முன் ஷட்டில், அதற்கு முன் பேருந்து, அதற்கு முன் ரயில். அதோடு ஒரு ரயில் முழுதாக ரத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் சேருங்கள். இந்தக் கணக்குப்படி நான் பிளாரன்ஸிலிருந்து இரண்டரை மணிக்கெல்லாம் ரயிலேறியிருக்க வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்களும் வரும், ஆனால் பெரும்பாலும் முன்பே அறிவித்துவிடுவார்கள். அன்று வேலைநிறுத்தம் உண்டா என்று முந்தின இரவே பார்த்துவிடலாம்.

வாசலில் நின்ற காவலாளியிடம் அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை. அவர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேசையில் ஒட்டியிருந்த தாளிலிருந்து ஒரு எண்ணைக் காட்டினார். போர்ட் ஏஜென்ட். ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலின் சார்பாக ஒருவர் இருப்பார். அவருடைய எண் முந்தின இரவு கேபினுக்கு வரும் தினசரித் தாளில் அச்சாகியிருக்கும். எங்கள் தாள் கேபின் மேசையில் இருந்தது, நான் அதைப் படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கிடையே முன்பதிவு மின்னஞ்சலில் இருந்த உதவி எண்ணை அழைத்துப் பார்த்தேன். 22 நிமிடம் இசை ஓடியது, ஆள் வரவில்லை.

ஏஜென்ட் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே என் பாஸ்போர்ட். ஆள் குறைகிறது என்று தெரிந்ததும் கப்பலில் பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். அது இல்லையென்றால் அன்று இரவு ஒரு விடுதியில்கூட இடம் கிடைத்திருக்காது. இத்தாலியில் தங்குபவரின் அடையாள ஆவணத்தைப் பதிவு செய்யாமல் அறை தர முடியாது. உங்கள் கப்பலில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளாவிட்டால் கேபின் பெட்டகத்தில் வைத்திருப்பீர்கள். கப்பல் ஊழியர்கள் தேடி எடுக்கக்கூடிய இடம் அதுதான், துணிப்பைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா இரண்டின் படமும் போனிலும், ஒரு தாள் நகலாகப் பையிலும் இருக்கட்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவிடம் சொல்லுங்கள். கேபின் எண்ணைச் சொன்னேன், ஆங்கிலம் தெரியாது, தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது இருந்தால் அவரைவிட்டுப் பேசச் சொல்லுங்கள், இரவு மாத்திரை என்னிடம் இருக்கிறது, மருத்துவ அறையில் சொல்லுங்கள் என்றேன். மாத்திரைப் பெயர்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் கப்பலுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, "இன்று இரவே சிவிடவெக்கியாவுக்குப் போய்விடுங்கள். காலை ரயிலை நம்ப வேண்டாம்" என்றார். அன்று எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அது. தவறவிட்ட கப்பலைத் துரத்தும்போது இரவு இங்கே தூங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு தூரத்தை அன்றே கடக்க முடியுமோ கடந்துவிடுங்கள்.

அந்த விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அடுத்த துறைமுகம் அதே நாட்டில், அதே கடலோர ரயில் பாதையில். எல்லா நிறுத்தங்களும் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில். இதுவே கிழக்குப் பக்கப் பயணமாக இருந்தால் வேறு கதை. டுப்ரோவ்னிக் இருக்கும் குரோஷியா 2023இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. கோட்டோர் இருக்கும் மொண்டெநீக்ரோ ஷெங்கனில் இல்லை, துருக்கியும் இல்லை. டுப்ரோவ்னிக்கில் தவறவிட்டவர் கோட்டோருக்குத் தரைவழியே போக வேண்டுமென்றால் ஓர் எல்லையைக் கடக்க வேண்டும், அதற்கான அனுமதி அவரிடம் இருக்க வேண்டும். விசா வாங்க வேண்டிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள், நிறுத்தங்களில் ஒன்று வெளியே இருந்தாலும் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கிரீஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் தாளைப் பாருங்கள், போனில் தானாக மாறும் நேரத்தை நம்பாதீர்கள்.

எட்டரை மணிக்கு மேல் ரயில். வெளியே இருட்டு, கடல் வலது பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஓர்பெத்தெல்லோ நிலையத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அந்தக் கடலோரத்துக்கு எதிரேதான் ஜில்லியோ தீவு. 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்த இடம். 32 பேர் இறந்தார்கள். அது கிளம்பியது சிவிடவெக்கியாவிலிருந்து. அங்கே ஏறியவர்களுக்கு அதுவரை அவசரக் கால ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் இப்போது அம்மாவின் கப்பல் போய்க்கொண்டிருக்கும். ஏதாவது மணி அடித்தால் அம்மா எந்தப் பக்கம் போவார்? அப்போது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பிடித்துக் கூடுமிடம் வரை நடந்தது. படிகளை அவர் எண்ணிக்கொண்டே வந்தார். தயவுசெய்து அந்த ஒத்திகையைத் திரையில் வீடியோ பார்த்ததோடு முடித்துவிடாதீர்கள். பெரியவர்களை அந்த இடம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள்.

சிவிடவெக்கியாவில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தூங்காமல் கிடந்தேன். விடியற்காலை ஆறரைக்கே துறைமுகத்தில் நின்றேன். ஏஜென்ட் என் பெயரை முன்கூட்டியே கொடுத்திருந்ததால் வாசலில் தடுக்கவில்லை. கப்பல் வந்து கட்டி, முதல் கூட்டம் இறங்கி, நான் ஏறினேன்.

வரவேற்பு மேசைக்கு எதிரே உள்ள சோபாவில் அம்மா உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் கட்டியிருந்த அதே சேலை. என்னைப் பார்த்ததும் எழவில்லை, எழ முடியவில்லை. கையை மட்டும் நீட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னார். ஆறரை மணிக்கு மேல் ஒலிபெருக்கியில் ஏதோ பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம். அவர்கள் உச்சரித்த விதத்தில் அது என் பெயர் என்றே அவருக்குத் தெரியவில்லை. கப்பல் நகர்ந்தபோது நான் மேல்தளத்தில் எங்கோ நின்று வேடிக்கை பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். "சாப்பாட்டுக் கூடத்துல தேடினேன். மொட்டை மாடி வரைக்கும் ஏறித் தேடினேன். ஒரு பொண்ணு வந்து தமிழ்ல பேசற வரைக்கும் நீ தண்ணியில விழுந்துட்டியோன்னுதான் இருந்துச்சு." கேபின் போன் அடித்தபோது அவர் தளம் தளமாக என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சமையலறையில் வேலை செய்த தமிழ்ப் பெண்ணைக் கண்டுபிடித்து, அவள் மூலம் தகவல் சொல்ல இரவு 9 மணி தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரம். அந்த முழங்காலோடு.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் எதைக் கொடுத்தும் திருப்பி வாங்க முடியாது. பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டாக்சி 25 யூரோ, ரயில் 21, விடுதி 95, இரவுச் சாப்பாடும் பல் துலக்கும் சாமானும் 18, ரோமிங் 34, கப்பல் மருத்துவரும் மாத்திரையும் 110, பயன்படுத்தாமல் போன ரோம் நுழைவுச் சீட்டுகள் இருவருக்கும் 60. மொத்தம் 363 யூரோ, 70 யூரோ மிச்சம் பிடிக்கப் போய். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று விண்ணப்பித்தேன். பயணத் தொடக்கத்தில் கப்பலைத் தவறவிட்டால்தான் பணம், நடுவில் ஒரு துறைமுகத்தில் தவறவிட்டால் எங்கள் பாலிசியில் கிடையாது என்று பதில் வந்தது. இந்த வரி பாலிசியில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவ அறையில் உங்கள் காப்பீட்டை நேரடியாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், ரசீதை வைத்து நீங்கள்தான் பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

ரோமுக்குப் போகவில்லை. பால்கனியில் அம்மா மடியில் தலை வைத்து மதியம் வரை தூங்கினேன். எழுந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து சில காரியங்கள் செய்தோம். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றை அம்மாவின் கைப்பையில் வைத்தோம். கப்பலின் வைஃபையை இரண்டு போனுக்கும் வாங்கினேன், ஏரோப்ளேன் மோடில் வைத்தபடியே அதில் எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். என் பெயர், கேபின் எண், 'எனக்குத் தமிழ் மட்டும் தெரியும், என் மகளைத் தேடுகிறேன்' என்ற வாசகம், மூன்றையும் ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். தினசரித் தாளை வந்த உடனே படம் எடுத்தேன். இதையெல்லாம் பார்சிலோனாவில் ஏறிய அன்றே அரை மணி நேரத்தில் செய்திருக்கலாம்.

மறுநாள் நேப்பிள்ஸ். வலியிருந்தும் அம்மா வருகிறேன் என்றார், என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. பொம்பேய் வரை போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, கோட்டையைச் சுற்றி மெல்ல நடந்து, கப்பல் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். பிளாரன்ஸில் வாங்கிய கம்மலை அப்போதுதான் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. என்னம்மா என்று விரித்துப் பார்த்தேன். அன்று கப்பலேற வேண்டிய நேரம். அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. "போதும், எந்திரி, போலாம்" என்றார். எழுந்தேன்.